நாய்க்குட்டிக்கு ‘சரி’ சொல்வதற்கு முன்... பதினைந்து நாள் ஒத்திகை!

முழுப் பரீட்சை முடிந்துவிட்டது. பக்கத்து வீட்டில் புதுசாக ஒரு நாய்க்குட்டி வந்திருக்கிறது. இரண்டும் ஒரே வாரத்தில் நடந்தால் உங்கள் வீட்டில் என்ன நடக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

‘‘அப்பா, நமக்கும் ஒண்ணுப்பா... ப்ளீஸ்ப்பா! நானே குளிப்பாட்டறேன், நானே சாதம் வைக்கிறேன். நீங்க ஒண்ணுமே பண்ண வேண்டாம்!’’

பெரும்பாலான வீடுகளில் இதற்கு இரண்டே பதில்கள்தான். ‘அதெல்லாம் முடியாது, போ!’ என்பது ஒன்று. பிறந்த நாளன்று கூடையில் ரிப்பன் கட்டி ஒரு குட்டியைக் கொண்டுவந்து இறக்குவது இன்னொன்று. முதல் பதிலால் குழந்தை இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும். இரண்டாவது பதில் தப்பாகப் போனால், ஆறு மாதம் கழித்து ஒரு நாய் தெருவுக்கு வந்துவிடும்! வீட்டுச் சோறு தின்று வளர்ந்த நாய்க்குத் தெருவில் பிழைக்கத் தெரியாது. மற்ற நாய்கள் கடிக்கும், வண்டியில் அடிபடும். அதுவோ பூட்டிய கேட்டுக்கு வெளியே உட்கார்ந்து உங்களைத்தான் தேடிக்கொண்டிருக்கும்.

ஆகவே மூன்றாவதாக ஒரு பதிலை யோசிப்போம். ‘பார்க்கலாம். ஆனால், முறையாகப் பார்க்கலாம்!’

முதலில் ஒரு வயசுக் கணக்கு

ஒரு பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். நன்றாகக் கவனிக்கப்படும் நாய் சாதாரணமாகப் பத்திலிருந்து பதினைந்து வருஷம் வரை வாழும். நடுவாகப் பன்னிரண்டு வருஷம் என்று வைத்துக்கொள்வோம்.

நாய்க்குட்டி கேட்கும் உங்கள் பையனுக்கு இப்போது 10 வயசு. நாய்க்கு 8 வயசாகும்போது அவனுக்கு 18. அப்போது அவன் ஏதோ ஓர் ஊரில் காலேஜ் ஹாஸ்டலில் இருப்பான். நாய்க்குக் கண் மங்கி, மூட்டு வலி வந்து, மருந்து மாத்திரை தேவைப்படும் வயதில் அவனுக்கு வேலையும் கிடைத்து வேற்றூர் போயிருப்பான். இன்று 65 வயதான பாட்டிக்கு அப்போது 77. உங்களுக்கோ ஒன்றிரண்டு டிரான்ஸ்ஃபர், ஒரு வீடு மாற்றம், ஒரு கல்யாணம்... எல்லாம் இதற்கு நடுவில் வந்து போயிருக்கும்.

இத்தனையிலும் நாய்க்கு ஓர் இடம் இருக்குமா? ‘இருக்கும்’ என்று தோன்றினால் மேலே படியுங்கள்.

வேலை யாருடையது?

ஒரு நாய்க்கு ஒரு நாளில் என்னென்ன தேவை? காலை, மாலை இரண்டு வேளை நடை. குட்டியாக இருந்தால் மூன்று நான்கு வேளை சாப்பாடு, வளர்ந்த பிறகு இரண்டு வேளை. எப்போதும் சுத்தமான தண்ணீர். ‘ஆய்’ போனால் எடுத்துச் சுத்தம் செய்வது. முடியைச் சீவி, உண்ணி, தெள்ளுப்பூச்சி இருக்கிறதா என்று பார்ப்பது. கொஞ்ச நேரம் கூட விளையாடுவது. இது ஞாயிற்றுக்கிழமை, தீபாவளி, காய்ச்சல் என்று லீவு இல்லாத வேலை!

‘நானே எல்லாம் செய்கிறேன்’ என்று சொல்லும் குழந்தை பொய் சொல்லவில்லை. அந்த நிமிஷத்தில் அது உண்மையாகவே அப்படித்தான் நினைக்கிறது. ஆனால், ஸ்கூல் திறந்து, டியூஷனும் சேர்ந்துகொண்டால் அந்த வேலைகள் எங்கே போகும்? நேராக அம்மாவின் தலைக்குத்தான்!

நாய் யாருக்கு வேண்டும் என்பது ஒரு கேள்வி. நாயை யார் வளர்க்கப் போகிறார் என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு வீட்டில் எல்லோருமே கையைத் தூக்குவார்கள். இரண்டாவது கேள்விக்கு யார் பதிலோ, அவருடைய ஓட்டுதான் செல்லும். அவர் மனசாரச் சம்மதிக்காவிட்டால் அந்த வீட்டுக்கு நாய் வரக்கூடாது. முகத்தைச் சுளித்துக்கொண்டு வைக்கும் சோற்றை நாயும் கண்டுபிடித்துவிடும்.

பர்ஸையும் கேளுங்கள்

‘மிச்சம் மீதி சாதத்தைப் போட்டால் போச்சு’ என்று நினைக்காதீர்கள். வெறும் தயிர்சாதம் வளரும் நாய்க்குப் போதாது. முட்டை, கறி, மீன் போன்ற புரதம் வேண்டும். சுத்த சைவ வீடாக இருந்தால் இதை முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொள்வது நல்லது. சாம்பார் சாதமும் கூடாது. காரணம், வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். சாக்லெட், திராட்சை, கிஸ்மிஸ் இவையும் நாய்க்கு விஷம்தான். வேகவைத்த கோழி எலும்பு சில்லு சில்லாக உடைந்து குடலைக் குத்தும்.

சாப்பாடு, தடுப்பூசி, பூச்சி மருந்து, டாக்டர் ஃபீஸ், ஊருக்குப் போனால் விட்டுச் செல்லும் இடத்துக்குக் கட்டணம் எல்லாம் சேர்த்து நாளொன்றுக்கு 100 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு 36,500 ரூபாய். பன்னிரண்டு வருஷத்துக்கு 4,38,000 ரூபாய்! நாயின் அளவையும் உங்கள் ஊரையும் பொறுத்து இது கூடும், குறையும். உங்கள் ஏரியா வெட்னரி டாக்டரிடம் ஒரு நடை போய்க் கேட்டு, உங்கள் கணக்கைப் போடுங்கள். திடீரென்று ஆபரேஷன் என்றால் அது தனி.

வீட்டில் உள்ளவர்களின் உடம்பு

யாருக்காவது ஆஸ்துமா, அடுக்குத் தும்மல், தோல் அரிப்பு இருக்கிறதா? அலர்ஜிக்குக் காரணம் முடிதான் என்று பலரும் நினைக்கிறார்கள். நாயின் எச்சில், உதிரும் தோல் துகள் இவற்றில் இருக்கும் புரதம்தான் உண்மையான காரணம். அதனால், ‘முடி கொட்டாத ஜாதி, அலர்ஜியே வராது’ என்று விற்பவர் சொன்னால் நம்பி ஏமாறாதீர்கள். நாய் வளர்க்கும் நண்பர் வீட்டுக்கு நாலைந்து தடவை குடும்பத்தோடு போய், ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் இருந்து பாருங்கள். தும்மலும் இழுப்பும் வந்தால் உங்கள் டாக்டரைக் கேட்காமல் முடிவெடுக்காதீர்கள்.

நடக்கும்போது தள்ளாடும் தாத்தா, பாட்டி இருந்தால் காலில் இடறும் குட்டி ஆபத்து. தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் நாயையும் குழந்தையையும் ஒரு நிமிஷம்கூடத் தனியாக விடக்கூடாது. எவ்வளவு சாதுவான நாயாக இருந்தாலும் சரி.

பூனை வளர்க்க ஆசைப்படும் வீட்டில் கர்ப்பிணி இருந்தால் ஒரு விஷயம். பூனையின் மலம் மூலமாக ‘டாக்ஸோபிளாஸ்மா’ என்ற கிருமி பரவி, வயிற்றுக் குழந்தையைப் பாதிக்கலாம். அதற்காகப் பூனையையே விரட்ட வேண்டியதில்லை. மலம் கழிக்கும் மண் தட்டைத் தினமும் வேறு யாராவது சுத்தம் செய்துவிட வேண்டும். மலத்தில் வெளிவரும் கிருமி தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும் என்பதால், தினமும் அகற்றிவிட்டால் ஆபத்து வெகுவாகக் குறையும்.

ரேபீஸ்... இதில் மட்டும் விளையாட்டு வேண்டாம்!

மனிதர்களுக்கு வரும் ரேபீஸில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நாய் மூலமாகத்தான் வருகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதிகம் பாதிக்கப்படுபவர்கள் 5 வயதிலிருந்து 14 வயது வரையுள்ள குழந்தைகள். அறிகுறி தெரிய ஆரம்பித்துவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது. ஆனால், முன்னதாகவே தடுத்துவிடக்கூடிய நோயும் இதுதான். 1885-ல் லூயி பாஸ்டர் இந்தத் தடுப்பூசியை முதன்முதலில் போட்டுக் காப்பாற்றியது ஜோசப் மெய்ஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனைத்தான்.

வீட்டு நாயாக இருந்தாலும் பிறாண்டலாம், கடிக்கலாம். அப்படி நடந்தால்:

* உடனே குழாயைத் திறந்துவிட்டு, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள்.

* மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள், மிளகாய்த்தூள் எதையும் அப்பக்கூடாது. கட்டும் போடாதீர்கள்.

* அன்றைக்கே ஆஸ்பத்திரி. ‘நாய் நல்லாத்தானே இருக்கு, பத்து நாள் பார்க்கலாம்’ என்று காத்திருக்கக் கூடாது. நாயைக் கவனிப்பதும் ஊசியை ஆரம்பிப்பதும் ஒன்றாகவே நடக்க வேண்டும். ஏற்கெனவே ஊசி போட்டுக்கொண்டவர் என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

* தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்பதெல்லாம் பழைய கதை. இப்போது கையில்தான். தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், அதிலிருந்து 3, 7, 28-வது நாட்கள். காயம் ஆழமாக இருந்தாலோ, ரத்தம் வந்தாலோ காயத்தைச் சுற்றி ‘இம்யூனோகுளோபுலின்’ என்ற மருந்தும் போட வேண்டியிருக்கும்.

இந்தப் பகுதியைக் குழந்தைகளுக்கும் படித்துக் காட்டுங்கள். ‘கடிச்சா திட்டுவாங்க’ என்று பயந்து மறைக்கும் குழந்தைக்குத்தான் ஆபத்து அதிகம். ‘எப்போ சின்னக் கீறல் பட்டாலும் எங்ககிட்ட சொல்லணும், திட்டவே மாட்டோம்’ என்று வாக்குக் கொடுங்கள்.

எந்தக் குட்டி?

2003-ல் ஒரு செல்போன் விளம்பரத்தில் ஒரு பையன் பின்னாலேயே ‘பக்’ நாய் ஓடியது ஞாபகம் இருக்கிறதா? அப்புறம் ஊரெல்லாம் பக்! சப்பை மூக்கு பார்க்க அழகுதான். ஆனால், நாய் தன் உடம்புச் சூட்டை வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் தணித்துக்கொள்கிறது. மூக்கு சப்பையாகி மூச்சுக்குழாயும் குறுகிய நாய்க்கு நம் ஊர்ச் சித்திரை வெயில் சித்ரவதை. பனிப்பிரதேசத்து ‘ஹஸ்கி’, ‘செயின்ட் பெர்னார்ட்’ கதையும் அதுதான். போட்டோவைப் பார்த்து நாய் வாங்காதீர்கள்!

நம் நாட்டு நாய்கள் நம் வெயிலுக்குப் பழகியவை. ராஜபாளையம் நாய்க்கு 2005-ல் தபால்தலையே வெளியிட்டார்கள். ஆனாலும் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை எல்லாம் வேட்டைக்கும் காவலுக்கும் வளர்ந்தவை. ஓட இடம் வேண்டும். இரண்டு பெட்ரூம் ஃப்ளாட்டில் அடைத்தால் உங்களுக்கும் கஷ்டம், அதற்கும் கஷ்டம். முழு வெள்ளை ராஜபாளையம் குட்டிகளில் சிலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பின்னால் நின்று கைதட்டிப் பார்த்துவிட்டு எடுங்கள்.

அப்படியானால் சாதாரணக் குடும்பத்துக்கு எது தோது? நம் தெருவில் பிறக்கும் நாட்டு நாயே நல்ல தேர்வு. பெரும்பாலும் நடுத்தர உடம்பு, குட்டை முடி, நல்ல புத்தி. சென்னையில் 1964-ல் பதிவு செய்யப்பட்ட ப்ளூ கிராஸ் போன்ற அமைப்புகளில் தத்துக் கொடுக்கிறார்கள். பகலில் வீட்டில் ஆள் குறைவு என்றால் குட்டியைவிட இரண்டு மூன்று வயதான நாயைத் தத்தெடுப்பது சுலபம். அதன் குணம் என்ன, குழந்தைகளிடம் எப்படிப் பழகும் என்பதெல்லாம் முன்பே தெரிந்துவிடும்.

குட்டிதான் வேண்டும் என்றால் எட்டு வாரமாவது தாயோடு இருந்த குட்டியாகப் பாருங்கள். ஒரு மாதத்திலேயே பிரித்து விற்கப்படும் குட்டி பின்னாளில் பயந்தாங்கொள்ளியாகவோ கடிக்கிற நாயாகவோ ஆக வாய்ப்பு அதிகம். ஆறு முதல் எட்டு வாரத்தில் தடுப்பூசி ஆரம்பித்து, மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு தடவை, பதினாறு வாரம் வரை போட வேண்டும். ரேபீஸ் ஊசி மூன்றாவது மாதத்தில். பிறகு டாக்டர் சொல்கிறபடி வருஷா வருஷம். ஊசிகள் முடியும் வரை தெருவில் இறக்கி விடாதீர்கள். ரத்தபேதியாகப் போகும் ‘பார்வோ’ கிருமி மண்ணிலேயே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

வளர்ந்ததும் கருத்தடை ஆபரேஷன் செய்வதா என்பதையும் இப்போதே பேசுங்கள். ‘ஒரு ஈத்தாவது ஈனட்டும்’ என்று விட்டால் ஆறேழு குட்டிகள். அத்தனைக்கும் வீடு தேடுவது யார்? பெண் நாய்க்கு இந்த ஆபரேஷன் செய்துவிட்டால் பிற்காலத்தில் கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கும் ஆபத்தும் இல்லை.

ஃப்ளாட்டும் சட்டமும்

அபார்ட்மென்ட் சங்கம் ‘நாயே கூடாது’ என்று மெஜாரிட்டி ஓட்டில்கூடத் தடை போட முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. அதற்காகச் செக்ரட்டரியிடம் சண்டைக்குப் போக வேண்டாம். மாடிப்படியில் சங்கிலியோடு அழைத்துப் போவது, அசிங்கத்தை எடுத்துவிடுவது, இரவில் குரைக்காமல் பழக்குவது இந்த மூன்றையும் செய்தால் பாதிப் பிரச்னை தீர்ந்தது. வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் முன்பே பேசிவிடுங்கள். சென்னை மாநகராட்சிப் பகுதியில் வளர்ப்பு நாய்க்கு லைசென்ஸ் எடுப்பது அவசியம்.

1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி, வளர்த்த பிராணியைத் தக்க காரணமில்லாமல் கைவிடுவது குற்றம். இந்தச் சட்டத்துக்கு வித்திட்டவர் கலாக்ஷேத்ராவை உருவாக்கிய ருக்மிணிதேவி அருண்டேல் என்பது நமக்கெல்லாம் பெருமையான விஷயம்.

இதோ, ஒத்திகை!

கணக்கெல்லாம் போட்டாச்சு. இப்போது, இல்லாத நாயைப் பதினைந்து நாள் வளர்த்துப் பாருங்கள். சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான்!

1. காலை ஆறு மணிக்கு, பொறுப்பேற்றவர் எழுந்து இருபது நிமிஷம் நடந்துவிட்டு வர வேண்டும். மாலையிலும் அப்படியே. மழை பெய்தாலும்.

2. ஒரு கிண்ணத்தில் தண்ணீர். காலையிலும் மாலையிலும் கழுவி மாற்ற வேண்டும்.

3. பால்கனி மூலையில் பழைய நியூஸ்பேப்பர் விரித்து, தினம் மூன்று வேளை அதை எடுத்துப் போட்டுவிட்டுத் தரையைத் துடைக்க வேண்டும். புதுக் குட்டி வந்தால் இதுதான் நடக்கும்.

4. உண்டியலில் தினம் நூறு ரூபாய், அல்லது நீங்கள் போட்ட கணக்கு என்னவோ அது.

5. இரண்டு ராத்திரி மட்டும், இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து கால் மணி நேரம் உட்கார்ந்திருங்கள். தாயைப் பிரிந்த குட்டி முதல் சில நாள் இரவில் அழும்.

6. ஒரு சனி, ஞாயிறு வெளியூர் போவதாக வைத்துக்கொண்டு, ‘எங்க நாயைப் பார்த்துப்பீங்களா?’ என்று உறவினர், நண்பர்கள் இரண்டு பேருக்கு உண்மையாகவே போன் செய்து கேளுங்கள்.

காலண்டரில் ஒவ்வொரு வேலைக்கும் செய்தவர் பெயரை எழுதுங்கள். பதினைந்தாம் நாள் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள்.

கெஞ்சிய பிள்ளையின் பெயர் முதல் மூன்று நாளோடு நின்றுவிட்டதா? பதில் தெரிந்துவிட்டது. அதற்காகப் பிள்ளையைக் குத்திக்காட்ட வேண்டாம். பத்து வயசுக்குப் பன்னிரண்டு வருஷப் பொறுப்பு பெரிது. எல்லா வரியிலும் அம்மா பெயர்தான் இருக்கிறதா? அப்படியானால் அம்மாவை மட்டும் கேளுங்கள். அவர், ‘பரவாயில்லை, எனக்கும் துணையா இருக்கும்’ என்று சிரித்தால் நாய் வரலாம். மௌனமாக இருந்தால் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்!

பெயர்கள் கலந்து கலந்து இருந்து, ஒருவர் விட்டதை இன்னொருவர் எடுத்துச் செய்திருந்தால், உங்கள் வீடு தயார். உண்டியலில் சேர்ந்த பணத்தில் முதல் தடுப்பூசியைப் போட்டுவிடலாம்.

‘வேண்டாம்’ என்று முடிவானால்?

அதுவும் நல்ல முடிவுதான். ஒரு நாயைத் தெருவில் விடாமல் காப்பாற்றியிருக்கிறீர்கள். சமாதானத்துக்காகக் கிளியோ நட்சத்திர ஆமையோ வாங்கித் தராதீர்கள். நம் பச்சைக்கிளியை வீட்டில் கூண்டில் வைப்பதே 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆமையும் அப்படித்தான்.

ஆசையை வேறு வழியில் திருப்பலாம். ஊருக்குப் போகும் நண்பரின் நாயை நாலு நாள் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிராணிகள் காப்பகத்துக்கு மாதம் ஒருமுறை கூட்டிப் போங்கள். மொட்டை மாடியில் பறவைகளுக்குத் தண்ணீர் வைக்கும் பொறுப்பைக் கொடுங்கள். ஒரு கோடை முழுக்க அந்தக் கிண்ணம் காயாமல் பார்த்துக்கொள்ளும் பிள்ளை, அடுத்த வருஷம் மறுபடி நாய்க்குட்டி கேட்டால்... ஒத்திகையை இன்னொரு தடவை வைத்துப் பார்ப்பதில் தப்பே இல்லை!